காலையில் அஞ்சலை எண்ணுவாள்

வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். வலிக்கவே இல்லை, அதுதான் வம்பாகிப் போனது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை வைத்துக்கொண்டிருந்தேன். சமையல் செய்கிற சரோஜா, "அக்கா, தரையெல்லாம் ரத்தம். எந்தப் பிள்ளைக்கு அடிபட்டிருக்கு?" என்று கேட்டாள். நானும் குனிந்து குனிந்து ஒவ்வொரு பிள்ளையின் காலாகப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் அது என் இடது கால்! காலையில் எங்கேயோ செருப்பில் ஏறிய ஆணி, உள்ளே வரைக்கும் வந்து சுண்டுவிரலைக் குடைந்து வைத்திருக்கிறது. இதுகூடவா ஒரு பொம்பளைக்குத் தெரியாது என்று கேட்பீர்கள். சத்தியமாகத் தெரியவில்லை.

என் பெயர் மல்லிகா. பூதலூர் பக்கம் ஒரு ஊரில் சத்துணவு அமைப்பாளர். ஊரில் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவேன். வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம் பண்ணிக்கொண்டார். ஒரே பொண்ணு கவிதா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இப்போது காலைத் தரையில் ஊன்றி நிற்கிறேன். நிற்க முடிந்ததால்தான் உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

ஆணிக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். விரல் கறுத்து நாற்றம் வந்த பிறகுதான் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக்குப் போனது. டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொட்டார். தொடும்போதெல்லாம் "தெரியுது" என்று சொல்ல வேண்டும். நானும் காத்திருந்து காத்திருந்து, "எப்ப டாக்டர் தொடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டு முடிச்சாச்சும்மா" என்றார்.

கண்ணைத் திறந்து என் பாதத்தைப் பார்த்தேன். ரத்தத்தில் சர்க்கரை நாள்பட ஏறியே கிடந்தால் காலுக்குப் போகிற நரம்பு மரத்துவிடும், ரத்த ஓட்டமும் குறையும், அதனால் குத்தினாலும் தெரியாது, காயம் சீக்கிரம் ஆறவும் ஆறாது என்று விளக்கினார். சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். செத்துப் போன சதையை வெட்டிச் சுத்தம் பண்ணினார்கள். புண்ணை மூடித் தைக்கவில்லை. அது உள்ளேயிருந்து தானாகத்தான் வளர்ந்து மூட வேண்டுமாம்.

"இடது கால தரையில ஊனவே கூடாது. சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும். உடற்பயிற்சி விடக் கூடாது. இதுல எதை விட்டாலும் அடுத்து கணுக்காலோட எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டரம்மா. கத்தரிக்காய் காம்பு கிள்ளுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பெங்களூரிலிருந்து ஓடி வந்திருந்த கவிதாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில்தான் அஞ்சலை. கோடியக்கரைக்காரி, என் வயசுதான் இருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர், இவள் மீன் விற்கிறவள். கெளுத்தி முள் வலது காலில் ஏறி, எனக்கு ஆன கதைதான் அவளுக்கும். வாய் என்றால் வாய், வார்டே அதிரும்.

"உனக்கு எத்தன வெரலு போச்சு?" என்று என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"ரெண்டு."

"எனக்கு ஒண்ணுதான். சரி சரி, நீதான் சீனியரு."

விரல் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிசியோதெரபி சொல்லிக் கொடுக்கிற பொண்ணு வந்து, படுத்தபடி முட்டியை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கி நிறுத்தி மெதுவாக இறக்கச் சொன்னது. முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அமுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையில் தண்ணீர் பாட்டிலைத் தூக்க வேண்டும். அஞ்சலை அந்தப் பொண்ணைக் கிண்டல் பண்ணித் தள்ளிவிட்டாள். "ஏம்மா, கூடை நிறைய மீனத் தூக்கிட்டு ஊரு ஊரா நடந்தவ நான். என்னை அரை லிட்டரு பாட்டிலத் தூக்கச் சொல்றியே, இது உனக்கே நியாயமா?" ஆனால் தூக்கினாள். நானும் தூக்கினேன். அவள் சத்தமாக எண்ண எண்ண, மற்ற கட்டில்காரர்களும் வேடிக்கைக்காகச் சேர்ந்து தூக்கினார்கள்.

காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் கவிதா லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்தாள். எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். சின்ன வயசில் நான் இழுத்து இழுத்து வாரி அவள் அழுவாள். அவள் எனக்கு ஒரு முடி இழுபடாமல் வாரினாள். பெங்களூருக்கு வந்துவிடு என்றாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, காலை ஊனாமல் எப்படி ஏறுவது? வீட்டில் கொண்டுவந்து விட்டு, வாக்கர் வாங்கிக் கொடுத்து, இன்சுலின் ஊசி போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் தெரிந்தது, ஆஸ்பத்திரியே தேவலாம் என்று. முதலில் ஊர் ஜனம் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பை சாத்துக்குடி, அதையும் நான் சாப்பிட முடியாது. "விரலு போனா என்னக்கா, உசுரு இருக்குல்ல" என்றார்கள். அடுத்து நடவு தொடங்கியது. தெருவே வயலுக்குப் போய்விட்டது. காலையில் டிராக்டர் சத்தம் போனால், பொழுது சாய்ந்துதான் மனுஷக் குரல் கேட்கும். இடையில் ஸ்டேஷன் பக்கம் ரயில் போகும், அவ்வளவுதான். நான் கட்டிலில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்தேன். டிவியைப் போட்டால் எரிச்சல், நிறுத்தினால் அதைவிட எரிச்சல். அழுகை வந்தால்கூட யாருக்குக் கேட்க அழுவது என்று நிறுத்திவிடுவேன்.

நூறு பிள்ளைக்கு அளந்து போடத் தெரிந்தவள் நான். ஒருத்திக்குப் பொங்கத் தெரியவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிச்சம் விழுந்தது. கறிகாய் நறுக்க உட்கார்ந்தால், யாருக்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று அலுப்பாக இருக்கும். வாக்கரில் ஒற்றைக் காலில் நின்று கொஞ்சம் சோறு, மோர், ஊறுகாய். பாக்கிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பேன். உடற்பயிற்சியா? செய்தால் பார்க்க ஆள் இல்லை, செய்யாவிட்டால் கேட்க ஆள் இல்லை. துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைப்பேன், அப்படியே தூங்கிவிடுவேன்.

ஒரு காலை போன் அடித்தது. "ஏ டீச்சரு, காலத் தூக்குனியா?"

அஞ்சலை! "தூக்கினேன்" என்றேன்.

"பொய்யி. குரலே தூங்கி வழியுது. நானும் தூக்கல. போன ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு பேரும் சேந்து தூக்குவம்."

அவளிடம் இருந்தது பட்டன் போன், வீடியோ எல்லாம் கிடையாது. சத்தம் மட்டும்தான். போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்துவிட்டுப் படுப்பேன். பின்னால் கோழியும் காற்றும் கேட்கும், அவள் "ஒண்ணூ... ரெண்டூ..." என்று ஏலம் விடுகிற குரலில் எண்ணுவாள். இடையில் சத்தம் குறைந்தால் நான், "எண்ணுடி சோம்பேறி!" என்று கத்துவேன். அவள் திருப்பிக் கத்துவாள். பிறகு மத்தியானம் ஒரு தடவை போன் வரும், தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க.

"சோறு, சாம்பார்."

"காயி?"

"சாம்பார்ல கிடக்கு."

"எத்தன துண்டு கிடக்கு? ஒளிஞ்சு விளையாடுதா? போயி கீரைய வதக்கு. நான் காத்திருக்கேன், எனக்கும் பசிக்குது, சீக்கிரம்."

காத்திருப்பாள், அதுதான் விஷயம். நான் வாக்கரைத் தட்டிக்கொண்டு போய்க் கீரையை அலசி வதக்கி எடுத்து வருகிற வரைக்கும் அவள் சாப்பிடாமல் இருப்பாள். அவள் குழம்பு மீனை உறிஞ்சுவது இங்கே கேட்கும். பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ முட்டையோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவளுக்காகத்தான் செய்தேன். என் காலுக்காக மட்டும் என்றால் செய்திருக்கவே மாட்டேன்.

மார்கழி பிறந்த சமயம், அஞ்சலையின் போன் நின்றது. கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு, தெருவெல்லாம் கோலம், நான் மட்டும் கட்டிலில். ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். மறுபடி வந்தபோது, "போனு தண்ணில விழுந்துருச்சு, வெயில்ல காய வச்சேன்" என்றாள். நான் கண்டபடி திட்டினேன். "ஒரு போனைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, கால எப்படி வச்சுக்கப் போற?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "சரி, தூக்கு தூக்கு. ஒண்ணூ..." என்று ஆரம்பித்தாள்.

இத்தனை செய்தும் என் சர்க்கரை இறங்கவில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற பரிசோதனையில் ஒவ்வொரு தடவையும் ஏறியே வந்தது. புண் பாதியில் நின்றுவிட்டது. டாக்டரம்மா இன்சுலின் அளவைக் கூட்டினார். அப்புறமும் இறங்கவில்லை, இன்னும் கூட்டினார். "மறைக்காம சொல்லுங்க, ஸ்வீட் எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். எனக்கு எப்படி இருக்கும்! வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றையும் சரோஜாவைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கணுக்கால் போகப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். குளிக்கும்போது அந்தக் கணுக்காலைத் தடவித் தடவிப் பார்த்து அழுதேன்.

ஒரு நாள், முந்தின இரவுச் சோறு மிச்சமாகவில்லை. காலையில் எழுந்து, கூட்டின அளவுக்கு ஊசி போட்டுக்கொண்டு, இட்லி ஊற்றுவதற்கு முன்னால் அஞ்சலையோடு காலைத் தூக்கிவிடலாம் என்று படுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. மார்கழிக் குளிரில் வேர்வை தொப்பமாக நனைத்தது. அவள் எண்ணுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"ஏ டீச்சரு, ஏன் குழறுற? வேக்குதா?"

"ம்."

"ஐயோ, சக்கர இறங்குதுடி! வார்டுல அந்தக் கடைசிக் கட்டில்காரம்மாவுக்கு வந்துச்சே, அதான். எந்திரி. சீனிய அள்ளி வாயில போடு!"

"சீனி... இல்ல."

"வெல்லம்?"

"இல்ல. எல்லாத்தையும்... குடுத்துட்டேன்."

"அடி கிறுக்கி!" என்று அலறினாள். "சாமி முன்னாடி கற்கண்டு வைப்பேல்ல? வச்சிருக்கியா? போ. ஊர்ந்து போ. பேசிக்கிட்டே போ, என் பேரச் சொல்லு, உன் பேரச் சொல்லு, எதையாச்சும் பேசு!"

தரையில் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து சாமி அலமாரிக்குப் போனேன். கிண்ணத்தில் கற்கண்டு கிடந்தது. எறும்போடு சேர்த்து வாயில் போட்டுக் கடித்தேன். கட்டிலிலிருந்து அவள் குரல் கத்திக்கொண்டே இருந்தது. "மல்லிகா! ஏ மல்லிகா!" அன்றைக்குத்தான் அவள் வாயில் என் பெயரைக் கேட்டேன்.

தெளிந்த பிறகு ஆட்டோ பிடித்து தஞ்சாவூர் போனேன். "தினமும் செய்றதுல இன்னிக்கு எதை விட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல டாக்டர். நீராகாரம் குடிக்கல, அவ்வளவுதான்."

"தினமும் குடிப்பீங்களா?"

"பல்லு வெளக்கினதும் ஒரு செம்பு. ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச சோத்தைப் பிசைஞ்சு, உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு."

"ரத்தம் குடுக்க வந்த நாளெல்லாம்?"

"ஆமாம், அன்னிக்கும்தான். வெறும் வயித்துலதான் டாக்டர் குடிப்பேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் நீராகாரத்தை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? வயலுக்குப் போகிறவர்கள் அதைக் குடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணும் சாப்பிடல" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிச் சொல்லி ரத்தம் கொடுத்திருக்கிறேன். அதில் கரைந்த சோற்றுக்கும் சேர்த்து அவர் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். குடிக்காத அன்றைக்கு அந்த ஊசி என்னைக் கவிழ்த்துவிட்டது. சத்துணவு அமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

அஞ்சலையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை, "நல்ல வேள, உன்னுது தெரிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அளவைக் குறைத்தார்கள். நீராகாரத்தை நிறுத்தினேன். அந்தக் காலை நேரத்து நாக்குக்கு அது இல்லாமல் இன்றைக்கும் ஏக்கம்தான், பொய் சொல்ல மாட்டேன். சர்க்கரை இறங்கியது. புண் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை எழும்பி, அறுவடை முடிகிற நேரத்தில் மூடிக்கொண்டது. "கால் தப்பிச்சுதும்மா" என்று டாக்டரம்மா சொன்னபோது கவிதாவுக்குப் போன் போட்டேன், மீட்டிங்கில் இருந்தாள். தெருவில் யாரும் இல்லை. அஞ்சலையிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டபோதெல்லாம், "எனக்கும் ஆறிக்கிட்டேதான் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, ரெண்டு பேருமாகச் சேர்ந்து நிற்கலாம் என்று ஆசை.

சர்க்கரைக்காரர்களுக்கு என்றே, உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்த செருப்பு இருக்கிறது. எனக்கு ஒரு ஜோடி வாங்கும்போது அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். அவளிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். வேதாரண்யம் தாண்டி, உப்பளமெல்லாம் தாண்டி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவள் புருஷன் வலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்துவிட்டார்.

"டீச்சரம்மாவா? வாங்க, வாங்க. அவ உங்ககிட்ட சொல்லவே இல்லியா?" என்று இழுத்தார்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. சேலையின் வலது பக்கம், முட்டிக்குக் கீழே, தட்டையாகத் தொங்கியது.

தரையில் உட்கார்ந்தேன். "எப்போ?"

"போனு தண்ணில விழுந்துச்சே, அப்ப."

"அப்ப, எனக்கு மயக்கம் வந்த அன்னிக்கு..."

"தையலுகூடப் பிரிக்கல." அவள் மூக்கைத் துடைத்தாள். "எங்களுக்கு எந்தக் காயம்னாலும் கடல்ல நனச்சா ஆறிடும். பொறந்ததுலேந்து அதான் வைத்தியம். தண்ணி படக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்கதான். கடல போயி தண்ணின்னு எவ நெனச்சா? போயிப் போயி நனச்சுட்டு வந்தேன். உள்ள புரையோடிருச்சு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஐயோ பாவம்னு அழுவ. இங்க வர்ற எல்லாரும் அதத்தான் செய்றாங்க. வந்து உக்காந்து, கீழ பாத்துட்டு, உச்சுக் கொட்டிட்டுப் போறாங்க. அவரு கடலுக்குப் போனா நான் நாள் முழுக்க இந்த நாற்காலிதான். என்னை மனுஷியா மதிச்சு சோம்பேறின்னு திட்ட நீ ஒருத்திதான் இருக்க. அதையும் விட்டுட்டு நான் என்ன பண்ண?"

பையை மறைக்கப் பார்த்தேன். பிடுங்கிவிட்டாள். செருப்பை வெளியே எடுத்து, மடியில் வைத்து, ரெண்டையும் மாறி மாறித் தடவினாள். இடது காலில் ஒன்றை மாட்டி அழுத்திப் பார்த்தாள். "மெத்துனு இருக்கு" என்றாள். இன்னொன்றை நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. "இருக்கட்டும். வாசல்ல ஒத்தச் செருப்பு கெடந்தா நல்லா இருக்காது."

எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அவளுக்குப் பிடிக்காது.

சாப்பிட்டோம். மீனை முள் எடுத்து என் தட்டில் வைத்தாள், சோற்றை அவளே அளந்து போட்டாள். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டை அதிரவைத்த அந்தக் குரல் இத்தனை சின்னதாகும் என்று நான் நினைக்கவில்லை.

"உனக்குத்தான் ஆறிடுச்சே. இனிமே காலைல என்னத்துக்குப் போனு, இல்ல?"

"வாய மூடு" என்றேன். "இன்னொரு காலு இருக்குல்ல உனக்கு? அதையும் கடல்ல கொண்டுபோய்க் குடுக்கலாம்னு பாக்கிறியா? நாளைக்கு நான் கூப்பிடுவேன். நீ எடுக்கலேன்னு வையி, திரும்பவும் பஸ் ஏறி இங்க வந்து நிப்பேன், பாத்துக்க."

அஞ்சலை என் கையை விடவில்லை.

"வந்து நிப்பேன்னா சொல்ற?" என்றாள். "அப்ப எடுக்கவே மாட்டேன்."